இரண்டு நம்பர் நிற்காத மனிதர்

மூன்றாவது மீனைப் பற்றி நார்மன் ஸ்கெல்சி வாயே திறக்கவில்லை. பாப்ஜாய் அதை ஸ்கெல்சி வீட்டுக் குப்பைத்தொட்டியிலிருந்து எடுத்து வந்து, ஈனிட் கார்சைட்டின் மேசைமேல் பழைய பேப்பரை விரித்து வைத்தார்.

"நாத்தம் என்னோடது இல்லை மிஸ். மீனோடது."

இங்கிலாந்தின் ஹல் துறைமுகத்தில் தனியாகத் துப்பறியும் தொழில் நடத்தும் ஒரே பெண் கார்சைட். பாப்ஜாய் அவளுடைய உதவியாளர். ஆனால் அவளைவிடப் பதினைந்து வயது மூத்தவர். கடற்கரை நாடகக் கொட்டகையில் ஜோக் சொல்லிப் பிழைத்துக்கொண்டிருந்தவர். வீட்டுக்கு வீடு டெலிவிஷன் வந்து கொட்டகை காலியான பிறகு, வாயை மூட முடியாத ஒரு மனிதருக்கு வேறு எந்த முதலாளியும் வேலை கொடுக்கவில்லை.

விவகாரம் இதுதான். துறைமுகத்திலேயே பெரிய மீன் புகைக்கூடம் ஸ்கெல்சியுடையது. சில வாரங்களாக ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் யாரோ அவர் வீட்டு வாசல் கதவில் புகை போட்ட ஹெர்ரிங் மீன் ஒன்றைத் தொங்கவிட்டுப் போனார்கள். முதல் மீனின் வாயில் நீலக் கம்பளித் துணுக்கு. இரண்டாவதன் வாயில் பூட்ஸ் நாடா. அந்த இரண்டையும் அவரே எடுத்துக்கொண்டு வந்து, "யாரோ என்மேல வன்மம் வச்சிருக்காங்க. பேரும் இடமும் கண்டுபிடிச்சுக் குடுங்க, மிச்சத்தை நான் பாத்துக்கறேன்" என்று சொல்லியிருந்தார்.

கம்பளியும் நாடாவும் யாரைக் குறிக்கின்றன என்பதையும் அவரே சொன்னார். அவருடைய பழைய தொழில் கூட்டாளி ஆலெக் பிராண்ட்ரெத். பங்கைப் பிரித்துக்கொள்வதில் தகராறு வந்து, தடுக்க வந்த சொந்த அண்ணன் வில்ஃபின் மண்டையை இரும்புக் கம்பியால் உடைத்துவிட்டு, அன்றைக்கே நார்வேக் கப்பலில் ஏறி ஓடியவன். ஊரே அப்படித்தான் நம்பியது. ஸ்கெல்சியைத் தவிர நடந்ததைப் பார்த்த ஒரே ஆள் அந்த வில்ஃப்தான். அவருக்கோ அடி விழுந்ததில் ஞாபகமே போய்விட்டது என்று பேச்சு.

மூன்றாவது மீனின் வாயில் ஒன்றும் இல்லை. மீனையே ஒரு பச்சைத் தார்ப்பாய்த் துண்டில் சுற்றி, ஆரஞ்சு நிற நாரால் கட்டியிருந்தார்கள்.

"முதல் ரெண்டையும் கையில தூக்கிட்டு வந்த ஆளு, இதை மட்டும் குப்பையில போட்டிருக்கான்" என்றாள் கார்சைட். "ஏன்?"

"கலர் பிடிக்கலையோ என்னவோ."

"ஊரை விட்டு ஓடறவன் கழுத்துல கம்பளி மஃப்ளர் இருக்கும். கால்ல பூட்ஸ் நாடா இருக்கும். தார்ப்பாயைச் சுத்திக்கிட்டு எவனும் ஓட மாட்டான் பாப்ஜாய்."

பாப்ஜாய் சொல்லத் தயாராக வைத்திருந்த ஜோக்கை விழுங்கினார். அது தொண்டையில் முள்ளாக இறங்கியது.

"அப்போ நம்ம கட்சிக்காரனே..."

"அவனுக்குத் தெரியும்னு மட்டும் இப்போதைக்கு வச்சுப்போம். அனுப்பறவனுக்கும் தெரியுது. அந்த நாரைப் பாருங்க."

பாப்ஜாய் பார்த்தார். அவருடைய மைத்துனி வாதம் வந்து படுத்திருந்தபோது, விரல் பழகட்டும் என்று ஆஸ்பத்திரியில் தட்டு பின்னக் கற்றுக்கொடுத்தார்கள். அந்தத் தட்டு இன்னமும் அவர் வீட்டு அலமாரியில் இருக்கிறது. அதே நார், அதே அசிங்கமான ஆரஞ்சு.

"கடலோரத்துல மண்டையில அடிபட்டவங்களுக்குன்னு ஒரு ஆஸ்பத்திரி இருக்கே மிஸ். அங்கதான் இதை மூட்டை மூட்டையா வாங்குவாங்க."

"வில்ஃப் பிராண்ட்ரெத் அங்கதானே இருக்காரு?" என்று கேட்டபடியே கார்சைட் கோட்டை எடுத்துக்கொண்டாள். அவள் கீழே இறங்கிக் காரைக் கிளப்பினாள். பாப்ஜாய், கட்சிக்காரருக்கு அன்றன்றைக்குச் சொல்லிவிடும் வழக்கப்படி, டெலிபோனை எடுத்து ஸ்கெல்சியின் எண்ணைச் சுழற்றினார்.

*

ஆஸ்பத்திரியின் கண்ணாடிக் கூடத்தில் வெயில் விழுந்துகொண்டிருந்தது. இரண்டு பேர் உட்கார்ந்து டாமினோக் கட்டை ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் நல்ல உயரம், மீன் பெட்டி தூக்கித் தூக்கி அகன்ற தோள், இடது காதுக்கு மேல் மயிர் முளைக்காத ஒரு பள்ளம். அவர்தான் வில்ஃப். எதிரே வெள்ளைத் தலையும் முத்துத் தோடுமாக ஒரு அம்மாள். அவள் எழுந்து கைகொடுத்தாள்.

"வாங்க கண்ணு. நான் டல்சி தாக்ரே. டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல இருந்தவ. டீ சாப்பிடறீங்களா?"

"சந்தோஷமா" என்றார் பாப்ஜாய். கார்சைட் கையுறையைக் கழற்றி முடிப்பதற்குள் அந்த அம்மாள் மறுபடி திரும்பினாள்.

"வாங்க கண்ணு. நான் டல்சி தாக்ரே."

"எனக்கும் இப்படி ஒரு ஆடியன்ஸ் கிடைச்சிருந்தா அதே ஜோக்கைச் சாகற வரைக்கும் சொல்லியிருப்பேன்" என்று பாப்ஜாய் முணுமுணுத்தார்.

அங்கே ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த டாக்டர் ஃபிலிப்பா ஹோட்சன் அதைக் கேட்டுவிட்டாள். சிரிக்கவில்லை. "அவங்க யாருன்னு தெரிஞ்சுக்காம சிரிக்காதீங்க" என்று சொல்லி டல்சியிடம் திரும்பினாள். "டல்சி, இந்த நம்பரைச் சொல்லுங்க. ஏழு, மூணு, ஒன்பது, ரெண்டு, ஆறு, நாலு, எட்டு."

டல்சி அதை அப்படியே, கொஞ்சமும் தடங்கலில்லாமல் திருப்பிச் சொன்னாள். பாப்ஜாய் மனதுக்குள் முயன்று ஐந்தாவதில் தடுமாறினார்.

"அவங்க பாட்டுக்கு வாய்க்குள்ள சொல்லிக்கிட்டே இருந்தா ரொம்ப நேரம் வச்சிருப்பாங்க. ஆனா இப்போ பாருங்க. டல்சி, நூறுலேர்ந்து மூணு மூணாக் குறைச்சுச் சொல்லுங்க."

"நூறு, தொண்ணூத்தேழு, தொண்ணூத்து நாலு..."

"போதும். நான் முதல்ல சொன்ன நம்பர் என்ன?"

"என்ன நம்பர் கண்ணு?" என்றாள் டல்சி. முகத்தில் கள்ளமே இல்லை.

டாக்டர் வில்ஃப் பக்கம் திரும்பினாள். "வில்ஃப், சொல்லுங்க. அஞ்சு, ரெண்டு."

வில்ஃபின் நெற்றி சுருங்கியது. "அஞ்சு" என்றார். அப்புறம் கையை விரித்தார். "போயிடுச்சு."

பாப்ஜாய்க்குப் பாவமாக இருந்தது. இந்த மனிதரா மீன் அனுப்பியிருப்பார்? இரண்டு எண் தலையில் நிற்காதவர், ஒரு சாவின் நிறங்களை இத்தனை வருஷம் கழித்து எப்படி ஞாபகம் வைத்திருக்க முடியும்? வந்த வழி அடைபட்டது என்று அவர் நினைத்தார்.

*

"நீங்க மட்டும் இல்லை, இத்தனை வருஷமா படிச்ச நாங்களே அப்படித்தான் நினைச்சோம்" என்றாள் டாக்டர் ஹோட்சன், தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு. "ஞாபகம்ங்கறது ஒரே பெட்டி, அது உடைஞ்சா எல்லாம் கொட்டிப் போயிடும்னு. வேற சிலர் சொன்னாங்க, இல்லை, வாசல்ல ஒரு சின்ன அறை, உள்ளே ஒரு பெரிய கிடங்கு, ரெண்டும் தனித்தனின்னு. அதுக்கு அத்தாட்சி வேணுமே. டல்சிக்கு வாசல் அறை நல்லா இருக்கு. மூளைக் காய்ச்சல் வந்ததுலேர்ந்து கிடங்குக்குள்ள எதுவும் புதுசாப் போகாது. சரி, கிடங்குதான் கஷ்டமான வேலை, நோய் வந்தா அதுதான் முதல்ல போகும்னு சொல்லிடலாம். அப்புறம் வில்ஃப் வந்தாரு."

"அவருக்கு?"

"நேர் எதிர். காதுல விழற நம்பரோ வாக்கியமோ வாசல்லயே சிதறிடும். ஆனா ஒரு விஷயம் நடந்தா, அதோட அர்த்தம், முகம், இடம் எல்லாம் உள்ளே போய் உக்காந்துக்குது. பத்து வார்த்தை கொண்ட பட்டியலை மெதுவா, திரும்பத் திரும்பப் படிச்சுக் காட்டினேன். இங்க இருக்கற நர்ஸுங்களைவிடச் சீக்கிரமா கத்துக்கிட்டாரு. அது போன வசந்தத்துல. நேத்து கேட்டேன், ஒண்ணு விடாம சொன்னாரு. பெட்டி ஒண்ணுதான்னா அது ரெண்டு பக்கமும் எதிரெதிரா உடைய முடியாது இல்லையா?"

கார்சைட் கையுறையை மேசைமேல் வைத்தாள். "அப்போ அவருக்கு அந்த நாள் ஞாபகம் இருக்கு."

"ஒவ்வொரு நிமிஷமும்."

"போலீஸ் ஏன் கேக்கலை?"

டாக்டரின் குரலில் முதல் முறையாக வெப்பம் ஏறியது. "கேட்டாங்க. மாஜிஸ்ட்ரேட் முன்னால நிறுத்தினாங்க. குமாஸ்தா சத்தியப் பிரமாணத்தை வாயால சொல்லி, திருப்பிச் சொல்லுன்னாரு. வில்ஃபால முடியலை. மூணு தடவை முயற்சி பண்ணாரு. கூட்டத்துல சிரிச்சாங்க. ஸ்கெல்சியும் அங்க உக்காந்திருந்தாரு. பிரமாணமே சொல்லத் தெரியாதவன் சாட்சி இல்லைன்னு இறக்கி விட்டுட்டாங்க. அதை ஒரு அட்டையில எழுதிக் கையில குடுத்திருந்தா படிச்சிருப்பாரு. ஒருத்தருக்கும் தோணலை."

பாப்ஜாய் தன் தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கூட்டம் தன்னைப் பார்த்துச் சிரிப்பது எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். ஆனால் அவர் அதற்குச் சம்பளம் வாங்கியவர். தம்பியைக் கண்ணெதிரே பறிகொடுத்தவர் கூண்டில் நின்று அந்தச் சிரிப்பைக் கேட்டிருக்கிறார்.

"வெள்ளிக்கிழமைகள்ல அவரை வெளியே விடுவீங்களா?" என்று கேட்டாள் கார்சைட்.

"பஸ் ஏறி ஊருக்குப் போயிட்டு வருவாரு. பழைய கூட்டாளிகளைப் பார்த்துட்டு மீன் வாங்கிட்டு வர்றதாச் சொல்வாரு."

"வாங்கிட்டு வரலை, குடுத்துட்டு வந்திருக்காரு." கார்சைட் சட்டென்று பாப்ஜாய் பக்கம் திரும்பினாள். "நாம இங்க வர்றது யாருக்குத் தெரியும்?"

பாப்ஜாயின் முகம் வெளுத்தது. "வழக்கமா... கட்சிக்காரருக்கு ஒரு வார்த்தை சொல்றதுதானே மிஸ். நார் பின்ற ஆஸ்பத்திரிக்கு வில்ஃபைப் பாக்கப் போறோம்னு சொன்னேன்."

"பேரும் இடமும் போதும்னான். குடுத்துட்டீங்க."

ஜன்னலுக்கு வெளியே, சரளைக் கற்களின் மேல், ஸ்கெல்சியின் கறுப்புக் கார் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தது.

*

பாப்ஜாய் ஓடினார். இந்த வயதில் இப்படி ஓடுவோம் என்று அவர் நினைத்ததில்லை. கூடத்து வாசலில் ஸ்கெல்சி எதிர்ப்பட்டார். தோல் கையுறையை நிதானமாக மாட்டிக்கொண்டே வந்தார். முகத்தில் விருந்து சாப்பிட்ட திருப்தி.

"பாவம் வில்ஃப். ரெண்டு நம்பர் சொல்லிப் பாத்தேன், ஒண்ணுகூட நிக்கலை. நீங்க வேற யாரையாவது தேடுங்க" என்றார்.

வில்ஃப் உயிரோடு நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பாப்ஜாய்க்கு மூச்சு வந்தது. அதன் பிறகுதான் டல்சியைக் கவனித்தார். அந்த அம்மாள் கண்ணை மூடிக்கொண்டு, காதில் கருவி மாட்டியவள் போல ஒரு கையால் காதை அழுத்திக்கொண்டு, முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

"ஆறு ஒண்ணு நாலு எட்டு மூணு. ஆறு ஒண்ணு நாலு எட்டு மூணு."

என்னம்மா லாட்டரியா என்று கேட்கப் பாப்ஜாய் வாயைத் திறந்தார். வில்ஃப் எழுந்து, மீன்வாடை போகாத தன் பெரிய உள்ளங்கையை அவர் வாயின்மேல் வைத்து அழுத்தினார். அந்தக் கண்களைப் பார்த்த பாப்ஜாய்க்கு விஷயம் புரிந்தது. நூறிலிருந்து மூன்று மூன்றாகக் குறைக்கச் சொன்னதும் எப்படி அத்தனையும் காற்றில் போனது என்பதைச் சற்று முன்தான் பார்த்திருந்தார். ஒரு கேள்வி போதும். ஒரு ஜோக் போதும். வாழ்நாளில் முதல் முறையாக அவர் பேசாமல் நின்றார்.

அந்தச் சத்தம் ஸ்கெல்சியின் காதிலும் விழுந்தது. போனவர் நின்றார். திரும்பினார். திருப்தி முகத்திலிருந்து உரிந்து விழுந்தது.

"அம்மா" என்று உரக்கக் கூப்பிட்டுக்கொண்டே உள்ளே வந்தார். "அம்மா, உங்க பேர் என்ன? ஏழு, ரெண்டு, ஒன்பது, இங்க பாருங்கம்மா, இன்னிக்கு என்ன கிழமை..."

டல்சியின் இமை துடித்தது. முணுமுணுப்பு ஒரு கணம் தடுமாறியது. "ஆறு ஒண்ணு... நாலு..."

பாப்ஜாய் யாரையும் அடித்ததில்லை. அடிக்கவும் தெரியாது. டீத் தட்டில் இருந்த வெண்ணெய் தடவிய பன் ஒன்றை முழுசாக எடுத்து, ஸ்கெல்சியின் திறந்த வாய்க்குள் அடைத்து, உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். ஸ்கெல்சி அவர் விலாவில் குத்தினார். வலித்தது. பிடியை விடவில்லை. சத்தமும் போடவில்லை.

பின்னாலேயே வந்த கார்சைட் ஒரே பார்வையில் எல்லாவற்றையும் புரிந்துகொண்டாள். டல்சியின் அருகில் சத்தமில்லாமல் மண்டியிட்டு, உதட்டைப் பார்த்துப் பார்த்து, பேனாவால் தன் உள்ளங்கையில் எழுதினாள். ஐந்து இலக்கம். மறுபடி ஒருமுறை கேட்டுச் சரிபார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"லைன் கிடைச்சிடுச்சு அம்மா. தேங்க்ஸ்."

டல்சி காதிலிருந்து கையை எடுத்தாள். கண்ணைத் திறந்து, எதிரே மண்டியிட்டிருந்தவளைப் பார்த்துச் சிரித்தாள்.

"வாங்க கண்ணு" என்றாள்.

*

ஸ்கெல்சி பன்னைத் துப்பிவிட்டு வாசலை நோக்கி நகர்ந்தார். வில்ஃப் வழியை அடைத்துக்கொண்டு நின்றார்.

"என்ன நம்பர் அது?" என்று கேட்டாள் கார்சைட்.

"ஆலெக்" என்றார் வில்ஃப். அவருடைய பேச்சு துண்டு துண்டாகத்தான் வந்தது, ஆனால் எந்தத் துண்டும் இடம் மாறவில்லை. "கல்லறை. வடக்குத் தோட்டத்துல வேற ஆளுக்குத் தோண்டின குழி. இவன் இன்னும் ஆழமாத் தோண்டினான். ஆலெக்கைப் போட்டான். மேல மண்ணு. அதுமேல அவங்க சவப்பெட்டி. இப்போதான் கேட்டேன், எங்கடான்னு. சொன்னான். நம்பரோட சொன்னான். சிரிச்சுக்கிட்டே சொன்னான்."

"எனக்கு நிக்காதுன்னு தெரிஞ்சே சொன்னான்" என்று சேர்த்துக்கொண்டார். "முடிஞ்சா ஞாபகம் வச்சுக்கோ வில்ஃபுன்னான்."

பாப்ஜாய் ஸ்கெல்சியைப் பார்த்தார். ஒரு மனிதனின் ஊனத்தைப் பார்த்து, அதில் சரியாக நுழையும்படி ஒரு ஊசியைச் செய்து குத்தியிருக்கிறான்.

"இந்தம்மா பக்கத்துல இருந்தாங்களே?" என்றாள் கார்சைட்.

"வந்ததும் கைகுடுத்தாங்க. மறுபடி குடுத்தாங்க. இவன் பாத்தான். லூசுன்னு விட்டுட்டான்." வில்ஃப் டல்சியின் நாற்காலி முதுகில் கை வைத்தார். "தினம் இவங்களோட ஆடறேன். நம்பர் காதுல விழுந்தா, லைன் குடுக்கற வரைக்கும் விடமாட்டாங்க. எனக்குத் தெரியும். அதான் பக்கத்துல உக்கார வச்சேன்."

"நாங்க வருவோம்னும் தெரியுமா?"

"மீன் போனா இவன் ஆள் வைப்பான். ஆள் என்னைக் கண்டுபிடிக்கணும். அதுக்குத்தான் இந்த நார். அப்புறம் இவன் வருவான்." வில்ஃப் அவளை நேராகப் பார்த்தார். "உங்களைத் தூண்டில்ல புழுவா வச்சேன். மன்னிச்சுக்கோங்க மிஸ்."

பாப்ஜாய், தான் செய்த டெலிபோன் தவறுக்காக இதுவரை மனதில் தன்னையே உதைத்துக்கொண்டிருந்தவர், அந்தத் தவறும் இவர் போட்ட கணக்கில் சேர்த்தி என்று தெரிந்து வாயைப் பிளந்தார்.

"பைத்தியக்கார ஆஸ்பத்திரியில ரெண்டு பைத்தியம் உளர்றதை எந்தக் கோர்ட்டுய்யா எடுத்துக்கும்?" என்றார் ஸ்கெல்சி.

"கோர்ட்டு உளறலை எடுத்துக்காது" என்றாள் கார்சைட். "குழியை எடுத்துக்கும்."

ஸ்கெல்சி வழியை மறித்த வில்ஃபைத் தள்ளிக்கொண்டு ஓடப் பார்த்தார். வில்ஃபின் கை அவர் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு சாய்த்தது. விரல்கள் இறுகின. ஸ்கெல்சியின் முகம் கருத்தது.

"வில்ஃப்" என்றாள் கார்சைட். ஒரே வார்த்தை. அது நிற்கும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

வில்ஃப் பிடியைத் தளர்த்தினார். "கொல்ல மாட்டேன்" என்றார். "அது சீக்கிரம் முடிஞ்சிடும்."

*

வடக்குக் கல்லறைத் தோட்டத்தில் அந்த எண் கொண்ட குழியைத் திறந்தபோது மழை தூறிக்கொண்டிருந்தது. அங்கே புதைத்திருந்த ஒரு கடிகாரக்காரரின் சவப்பெட்டியை மரியாதையாக மேலே தூக்கி வைத்தார்கள். அதற்கடியில் இன்னும் ஆழத்தில் மண்வெட்டி பச்சைத் தார்ப்பாயைத் தொட்டது. பிரித்தபோது நீல மஃப்ளர் அப்படியே இருந்தது. வில்ஃப் குழியின் விளிம்பில் தொப்பியைக் கழற்றி நின்றார். அழவில்லை. அழுகையை எதற்கோ எடுத்து வைத்திருக்கிற மாதிரி இருந்தது.

விசாரணையில் டாக்டர் ஹோட்சன் கேட்டுக்கொண்டபடி சத்தியப் பிரமாணத்தை அட்டையில் எழுதிக் கொடுத்தார்கள். வில்ஃப் அதைப் படித்தார். அந்தச் சனிக்கிழமை புகைக்கூடத்தில் எந்தக் கதவு திறந்திருந்தது, ஆலெக் விழும்போது எந்தப் பக்கம் பார்த்தான், கம்பி எந்தக் கையில் இருந்தது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். ஸ்கெல்சியின் வக்கீல் நீளமாக ஒரு கேள்வி கேட்டு அவரைக் குழப்பப் பார்த்தார். நீதிபதி, கேள்வியை எழுதிக் கொடுங்கள் என்றார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. ஆயுள் தண்டனை என்றார்கள்.

முடிந்தது என்று பாப்ஜாய் நினைத்தார். ஆனால் அடுத்த மாதம் வில்ஃப் அவரிடம் வந்து, ஜெயிலுக்குக் காரில் கூட்டிப்போக முடியுமா என்று கேட்டார்.

"அவன்கிட்ட என்னய்யா பேசப் போறீங்க?"

"பேசலை. முன்னால உக்காருவேன்."

பார்வையாளர் கூடத்தில் வில்ஃப் கையை மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எதிர் நாற்காலி காலியாகவே இருந்தது. கைதி வர மறுக்கிறான், மறுக்க அவனுக்கு உரிமை உண்டு என்று வார்டர் வந்து சொன்னார். வில்ஃப் தலையாட்டினார், எழவில்லை. மணி அடிக்கும்வரை அந்தக் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அதற்கடுத்த மாதமும் அப்படித்தான். அதற்கடுத்ததும்.

வெளியே வரும்போது பாப்ஜாயால் அடக்க முடியவில்லை. "ஒரு தடவைகூட முகத்தைக் காட்டலையே அவன். வெறும் நாற்காலிக்கு எதுக்குங்க இவ்வளவு தூரம்?"

"வார்டரைக் கேளுங்க" என்றார் வில்ஃப்.

பாப்ஜாய் கேட்டார். வார்டர் சாவிக்கொத்தைக் கை மாற்றிக்கொண்டு, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"இன்னிக்குக் காலையில எழுந்ததுலேர்ந்து அதையேதான் கேட்டுக்கிட்டிருக்கான் சார். வந்துட்டாரா, வந்துட்டாரான்னு. இப்போ போய்க் கதவைத் திறந்தா, போயிட்டாரான்னு கேப்பான். நேத்து ராத்திரி சாப்பாட்டைத் தொடலை. பார்வையாளர் நாள் வருதுன்னாலே அவனுக்கு இப்படி ஆயிடுது."

வில்ஃப் காரில் ஏறி, கதவைச் சாத்திக்கொண்டு, தொப்பியை மடியில் வைத்தார்.

"அடுத்த மாசம் கொஞ்சம் சீக்கிரமாக் கிளம்பலாம்" என்றார்.